எய்ராகு பத்திரிகை திருத்தம் போடாது

மினோவா தெட்சுரோவை எய்ராகு பத்திரிகை சியோலுக்கு நிருபராக அனுப்பியதற்கு அவனுக்குக் கொரிய மொழி தெரியும் என்பது காரணமல்ல. அவனுக்கு அது தெரியாது. அரசியலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வெந்நீர் ஊற்று விடுதிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். சியோலில் இருந்தவருக்கு வயிற்றுப்புண் முற்றி ரத்த வாந்தி எடுத்ததால் இடம் காலியானது. எய்ராகுவின் வெளிநாட்டு நிருபர்கள் எல்லோருக்கும் வயிற்றுப்புண் வரும். வராதவன் வேலை செய்யவில்லை என்று தலைமை அலுவலகம் முடிவு கட்டிவிடும். மினோவா அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் தகுதி போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் அப்போது போட்டிப் பத்திரிகை ஒன்றின் சியோல் நிருபர். ஒரே கட்டிடத்தில் எதிரெதிர் அறைகள். அவன் என்னிடம் சொன்னதையும், அவனுடைய மொழிபெயர்ப்பாளர் பே யங்-சுக் சொன்னதையும், நானே பார்த்ததையும் வைத்து இதைச் சொல்கிறேன்.

டோக்கியோ தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில் அவனுக்கு வழியனுப்பு விழா நடந்தது. எல்லோரும் எழுந்து நின்று மூன்று முறை கைகளை உயர்த்தி 'வாழ்க' என்று கத்தினார்கள். வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் தலைவர் தோகாஷி பேசினார்.

"மினோவா, நிருபர்ங்கிறவன் பத்திரிகையோட கண்ணு. கண்ணோட வேலை பாக்குறது. யோசிக்கிறது மூளையோட வேலை. மூளை இந்த நாலாவது மாடியில இருக்கு. கண்ணு தானா யோசிக்க ஆரம்பிச்சா அதுக்குப் பேரு நோய்."

பலத்த கைதட்டல். பிறகு ஒரு வெள்ளை ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி அவனிடம் கொடுத்தார். அதன் நான்கு பக்கமும் எய்ராகுவின் நாரைச் சின்னம்.

"இது கம்பெனிச் சொத்து. கீறல் இல்லாம திரும்பி வரணும்."

"தலை, சார்?" என்று மினோவா கேட்டான். அவன் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை.

"தலை உன் சொந்தச் சொத்து" என்றார் தோகாஷி.

அது ஜூன் மாதம். சியோலில் ராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்களுக்கும் போலீசுக்கும் பல்கலைக்கழக வாசல்களில் தினமும் சண்டை. மினோவா வந்த மறுநாளே பே யங்-சுக் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பத்தைந்து வயதுக்காரி. எய்ராகுவின் நிருபர்கள் பலரை வரவேற்று, வயிற்றுப்புண்ணோடு விமானம் ஏற்றிவிட்டவள்.

"சார், கண்ணுக்குக் கீழ பற்பசை தடவிக்குங்க. புகைக்கு நல்லது. வெக்கப்படாதீங்க, ஊரே இப்படித்தான் திரியுது."

நடைபாதைக் கற்களைப் பெயர்த்து உடைத்துக் கைக்கு அடக்கமாகக் குவித்து வைத்திருந்தார்கள் மாணவர்கள். பெட்ரோல் பாட்டில்கள் பறந்தன. ஒரு போலீஸ்காரனின் கால்சட்டை தீப்பிடித்தது. அவன் குதிக்கக் குதிக்கத் தீ மேலே ஏறியது. வரிசையிலிருந்து தனியாக மாட்டிய இன்னொருவனைக் கேடயத்தைப் பிடுங்கிக் குழாயால் அடித்தார்கள். அவன் முன்பற்களைத் தெருவில் துப்பிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் போலீஸ் முன்னேறியது. கண்ணீர்ப்புகைக் குண்டை வானத்தை நோக்கிச் சுட வேண்டும் என்பது விதி. அவர்கள் நேராகச் சுட்டார்கள். மினோவாவுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற கண்ணாடிக்கார மாணவனின் பின்மண்டையில் ஒன்று பாய்ந்தது. அவன் ஏதோ மறந்துவிட்டவன் போல ஒரு கணம் நின்றான். பிறகு முகம் குப்புற விழுந்தான். நண்பன் ஒருவன் அவன் தலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தும் விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்தது.

மினோவா ஓடிப்போய் டோக்கியோவுக்குத் தொலைபேசினான்.

"ஜப்பான்காரங்க யாருக்காவது அடியா?" என்றார் தோகாஷி.

"இல்ல சார். ஒரு மாணவன், பின்மண்டையில..."

"ஜப்பான்காரன் இல்லல்ல? அப்பாடா. நாலு வரி."

"சார், அவன் பிழைக்கமாட்டான்னு..."

"படி."

மினோவா எழுதியதைப் படித்தான். தோகாஷி இடைமறித்தார்.

"'போலீஸ் சுட்ட குண்டு மாணவன் தலையில் பாய்ந்தது.' இது என்ன எழுத்து? ஒருதலைப்பட்சமா இருக்கே."

"நான் கண்ணால பாத்தேன் சார்."

"நீ பாத்தது தலையோட பக்கம். குண்டோட பக்கம் என்னன்னு கேட்டியா?"

மினோவா கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. மறுநாள் காலை எய்ராகுவில், குட்டி போட்ட நீர்நாயின் வண்ணப் படத்துக்குக் கீழே செய்தி வந்தது. 'சியோலில் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்றுக்கும் மாணவர் ஒருவரின் தலைக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டது. ஜப்பானியர் எவருக்கும் பாதிப்பில்லை.' அடியில் மினோவாவின் பெயர்.

இதைக்கூட அரசாங்கம் விடவில்லை. தகவல் இலாகா அதிகாரி ஒருவர் மினோவாவைக் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட அழைத்தார். "உங்க பத்திரிகை ரொம்ப கண்ணியமானது. ஆனா 'குண்டு'ங்கிற வார்த்தை காதுக்குக் கொஞ்சம் கடுமையா இருக்கு. உங்க விசாவைப் புதுப்பிக்கிற நேரத்துல எங்க மேலதிகாரி மனசு நோகக்கூடாது பாருங்க" என்றார். மினோவா இதை அப்படியே டோக்கியோவுக்குச் சொன்னான். தலைமை அலுவலகம் கொதித்தெழும் என்று நினைத்தான்.

தோகாஷி கொதித்தெழத்தான் செய்தார். "முட்டாளே! ஒரு வார்த்தைக்காக சியோல் கிளையை மூட வச்சிடுவ போலிருக்கே!"

"சார், நடந்ததை எழுதக்கூடாதுன்னா கிளை எதுக்கு?"

"எதுக்கா? இருக்கறதுக்கு! எதிர் அறைக்காரனுக்குக் கிளை இருக்கு. நமக்கு இல்லைன்னா நாளைக்கு நான் பத்திரிகைத் தலைவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

எதிர் அறைக்காரன் நான்தான். எங்கள் அலுவலகத்திலும் அச்சு அசலாக இதையே சொன்னார்கள் என்பதால் மினோவாவுக்கு என்னால் ஆறுதல் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் சண்டை சோங்னோ கடைத்தெருவுக்கு வந்தது. புகையில் பே யங்-சுக் ஒரு பக்கம், மினோவா ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டார்கள். அன்று மினோவா தலைமை அலுவலகம் கொடுத்த ஹெல்மெட்டை முதல்முறையாகப் போட்டிருந்தான். சியோலில் வெள்ளை ஹெல்மெட் போடுகிறவர்கள் மஃப்டி போலீஸ்காரர்கள் மட்டும்தான் என்பது டோக்கியோ நான்காவது மாடியில் யாருக்கும் தெரியாது. மாணவர்கள் அவனைப் பார்த்ததும் "இதோ ஒருத்தன்!" என்று கத்திக்கொண்டு கற்களை வீசினார்கள். ஒரு செங்கல் தோளில் விழுந்தது. இன்னொன்று விலாவில் விழுந்தபோது உள்ளே ஏதோ முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. அவசரமாக ஹெல்மெட்டைக் கழற்றினான். கழற்றியதும் அவன் போலீசுக்குக் கலகக்காரனாகத் தெரிந்தான். நாலைந்து மஃப்டிக்காரர்கள் பாய்ந்து வந்து தடியால் அவன் தலையைப் பிளந்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். அவன் தலையை மறைத்துக்கொள்ளவில்லை. கைகள் இரண்டும் ஹெல்மெட்டைக் கட்டிக்கொண்டிருந்தன. கீறல் விழக்கூடாதல்லவா?

பக்கத்தில் ஒரு பாட்டில் வெடித்தது. போலீஸ்காரர்கள் சிதறிய அந்த இடைவெளியில் ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. பாதி இறக்கிய இரும்புக் கதவுக்கு அடியில் தரதரவென்று போய் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தான். அது நூடுல்ஸ் கடை. இழுத்தவள் அதன் சொந்தக்காரி பியோ மல்-சூன், ஐம்பது தாண்டியவள்.

கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் வந்தது.

"எங்கடி அவன்?"

"எவன்? நான்தான் இருக்கேன். வேணும்னா உக்காந்து நூடுல்ஸ் சாப்பிட்டுட்டுப் போங்க."

கொதிக்கிற குழம்புப் பானையைக் கவிழ்த்தார்கள். அவள் கையை மேடைமேல் வைத்துத் தடியால் ஓங்கி அடித்தார்கள். உலர்ந்த விறகு ஒடிகிற சத்தம். அவள் கத்தவில்லை. வாயில் வந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் சொல்லி அவர்களுடைய அம்மாக்களையும் பாட்டிகளையும் திட்டினாள். தலைமுடியைப் பிடித்து அவளைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் மினோவாவுக்கு எல்லாம் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. பே யங்-சுக் தேடி வந்தபோது அவன் ரத்தமும் மாவும் சேர்ந்த பிசையலாகக் கிடந்தான். ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டதும் முதல் வேலையாக நடந்ததை எழுதினான். யார் அடித்தது, யார் இழுத்துக் காப்பாற்றியது, அவள் பெயர், கடை, ஒடிந்த கை எல்லாவற்றையும் எழுதினான். பே யங்-சுக் தொலைபேசியில் அதைப் படித்தாள். மறுமுனையில் தோகாஷி பரவசத்தோடு மினோவாவைக் கூப்பிடச் சொன்னார்.

"ஜப்பான்காரனுக்கு அடியா? நம்ம ஆளுக்கேவா? மினோவா, நீ இவ்வளவு கெட்டிக்காரன்னு நான் நினைக்கவே இல்ல!"

டோக்கியோவிலிருந்து புகைப்படக்காரர் ஒருவர் பறந்து வந்தார். மினோவாவின் கட்டு சிறியதாக இருக்கிறது, படத்தில் எடுக்காது என்று குறைப்பட்டு, நர்சிடம் சொல்லி இன்னும் மூன்று சுற்று சுற்ற வைத்தார். கண் மறைந்துவிட்டது. "ஒரு கண்ணு தெரியட்டும், பத்திரிகையோட கண்ணு" என்று ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார்.

முதல் பக்கம் முழுவதும் மினோவா. தலைப்பு: 'தீப்பிழம்புகளின் நடுவே எமது நிருபர்.' உள்ளே அவன் பெயரிலேயே, அவனே சொல்வதாகக் கதை. 'கடினமான பொருள் ஒன்றுடன் தலைக்குத் தொடர்பு ஏற்பட்டது. துணைக்கு ஒருவரும் இல்லை. எய்ராகுவின் மானத்தை நெஞ்சில் ஏந்தித் தனியாக ஊர்ந்து வெளியேறினேன்.'

பே யங்-சுக் படித்துக் காட்டி முடித்ததும் மினோவா தொலைபேசியைக் கேட்டான்.

"சார், நான் ஊர்ந்து போகல. ஒரு அம்மா என்னை இழுத்துப் போட்டாங்க."

"படிச்சேன். அழகா எழுதியிருந்த. ஆனா யோசிச்சுப் பாரு. எய்ராகுவோட சிறப்பு நிருபரை ஒரு நூடுல்ஸ்காரி காலரைப் பிடிச்சு இழுக்குறா. வாசகர் என்ன நினைப்பார்? நிருபர்னா இழுபட மாட்டான். ஊருவான்."

இரண்டு நாள் கழித்து, பியோ மல்-சூன் மேல் வழக்கு போட்டிருப்பதாகப் பே யங்-சுக் கேள்விப்பட்டாள். தீக்குண்டு வீசிய கலகக்காரனுக்கு அடைக்கலம் கொடுத்த குற்றம். மினோவா கட்டோடு எழுந்து போலீஸ் நிலையத்துக்குப் போனான். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"அவங்க கலகக்காரனை மறைக்கல. என்னைத்தான் மறைச்சாங்க" என்றான் மினோவா. பே யங்-சுக் மொழிபெயர்த்தாள்.

இன்ஸ்பெக்டர் மேசையில் எய்ராகுவின் முதல் பக்கத்தை விரித்தார். தகவல் இலாகா மொழிபெயர்த்து அனுப்பியிருந்தது.

"இது உங்க பேருதானே? 'துணைக்கு ஒருவரும் இல்லை, தனியாக ஊர்ந்து வெளியேறினேன்'னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்ப அந்தப் பொம்பளை கடைக்குள்ள இழுத்தது வேற ஆளை."

"பத்திரிகையில வந்தது பொய்."

"என்ன சார் இப்படிப் பேசறீங்க? எண்பது லட்சம் பேரு படிக்கிற பத்திரிகை பொய் சொல்லுமா?"

எய்ராகுவின்மேல் இப்படி ஒரு நம்பிக்கையை மினோவா அதுவரை எந்த வாசகரிடமும் கண்டதில்லை.

"ஒரு திருத்தம் போடச் சொல்லுங்க, நாளைக்கே விட்டுடறேன்" என்று இன்ஸ்பெக்டர் தாராளமாகச் சொன்னார். "இல்லன்னா ரெண்டு மூணு வருஷம் ஆகும். கை வேற வீங்கிக் கிடக்கு. உள்ள வைத்தியம் அவ்வளவு சிலாக்கியம் இல்ல."

பத்திரிகையின் தலைவரே நலம் விசாரிக்க சியோல் வந்தார். கூடவே தோகாஷியும், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கூட்டமும், மரப்பெட்டியில் பட்டுத்துணி சுற்றிய ஒரு முலாம்பழமும். பழத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மினோவா கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான். தையலில் ரத்தம் கசிந்தது.

"ஒரே ஒரு திருத்தம், தலைவரே. ரெண்டு வரி. ஒரு அம்மா ஜெயில்ல இருக்காங்க."

தலைவர் மெதுவாகப் பேசினார். அவருடைய குரல் கனிவாகத்தான் இருந்தது.

"தம்பி, எங்க தாத்தா இந்தப் பத்திரிகையை ஆரம்பிச்சதுலேர்ந்து போர் வந்தது, தோல்வி வந்தது, நிலநடுக்கம் வந்தது. எதுக்கும் நாங்க திருத்தம் போட்டதில்ல. ஜெயிக்கிறோம் ஜெயிக்கிறோம்னு தினமும் எழுதினோம். தோத்த மறுநாள் 'இனி சமாதானம்'னு எழுதினோம். அப்பக்கூடத் திருத்தம் போடல. ஒரு நூடுல்ஸ்காரிக்காகப் போட்டா அந்தக் காலத்து வாசகருக்கெல்லாம் நாங்க என்ன பதில் சொல்றது?"

"உண்மை நம்ம பத்திரிகைக்கு மாறா இருந்தா உண்மைதான் பணிஞ்சு போகணும்" என்று தோகாஷி எடுத்துக் கொடுத்தார். கறுப்புக் கோட்டுகள் தலையாட்டின.

மறுநாள் பகல் ஓட்டல் ஒன்றின் மண்டபத்தில் மினோவாவுக்கு வீர விருது. வெளிநாட்டு நிருபர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். தகவல் இலாகா அதிகாரி முதல் வரிசையில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே எங்கோ குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. உள்ளே புகை வராமல் ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டு சொருகியிருந்தார்கள். தலைவர் பேசினார். அதிகாரி இரு நாட்டு நட்பைப் பற்றிப் பேசினார். வெண்கல நாரை பதித்த கனமான பட்டயத்தைத் தோகாஷி ஏந்தி நின்றார்.

மினோவா ஒலிபெருக்கி முன் வந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். காகிதம் எதுவும் இல்லை.

"என்னை அடிச்சது போலீஸ். என்னைக் காப்பாத்தினது பியோ மல்-சூன்ங்கிற அம்மா. சோங்னோவுல நூடுல்ஸ் கடை வச்சிருக்காங்க. அதுக்காக அவங்க கையை உடைச்சு ஜெயில்ல போட்டிருக்காங்க. எங்க பத்திரிகை என் பேர்ல எழுதினது முழுப் பொ..."

தோகாஷி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். மினோவா விடவில்லை. இருவரும் இழுத்தார்கள். அது மண்டபம் முழுவதும் ஊளையிட்டது. யாரையும் எதிர்த்துப் பேசாத மினோவா, தோகாஷியின் கையைக் கடித்தான். லேசாக அல்ல, ரத்தம் வருமளவு. தோகாஷி அலறிக்கொண்டே மற்றக் கையிலிருந்த பட்டயத்தை ஓங்கி அவன் தலையில் இறக்கினார். நாரையின் அலகு தையல்களைப் பிரித்தது. கறுப்புக் கோட்டுகள் மேடையில் ஏறி மினோவாவை மிதித்தன. அவன் கீழே கிடந்தபடியே "பியோ மல்-சூன்! பியோ மல்-சூன்!" என்று கத்திக்கொண்டிருந்தான். பே யங்-சுக் செருப்பைக் கழற்றிக்கொண்டு மேடைக்கு ஓடி, கண்ணில் பட்ட கோட்டுகளை எல்லாம் சாத்தினாள். "வருஷக்கணக்கா மொழிபெயர்த்தேன்டா உங்க பொய்யை! இந்தா, இதுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்ல!" தலைவரின் மூக்குக் கண்ணாடி முதல் வரிசையில், அதிகாரியின் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் நிருபர்கள் என்ன செய்தோம்? படம் எடுத்தோம்.

நான் எங்கள் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நூடுல்ஸ்காரியைப் பற்றி ஆரம்பித்ததும் அவர் கொட்டாவி விட்டார். எய்ராகுவின் பிரிவுத் தலைவர் சொந்த நிருபரின் மண்டையை உடைத்தார் என்றதும் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"முதல் பக்கம் உனக்கு! எல்லாத்தையும் போடு. அந்தப் பொம்பளை பேரு, கடை, கை, ஒண்ணு விடாத! எய்ராகு பொய் சொன்னதுக்கு அவதான் ஆதாரம்." குரலில் பக்தி தெரிந்தது. "பாவம் அந்த அம்மா" என்று கடைசியாகச் சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். எய்ராகு மட்டும் போடவில்லை. டோக்கியோவில் பேச்சாகிவிட, சியோலில் யாரோ மேலதிகாரிக்கு மனம் நொந்தது. வழக்கைக் கைவிட்டார்கள். எய்ராகு மினோவாவை வேலையிலிருந்து நீக்கி, ஹெல்மெட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி அடித்தது.

பியோ மல்-சூன் வெளியே வருகிற காலையில் போலீஸ் நிலைய வாசலில் மினோவா நின்றான். பே யங்-சுக்கும் நானும் கூட இருந்தோம். கொரிய மொழியில் மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். அவள் வந்தாள். முகம் வெளிறி வீங்கியிருந்தது. கட்டுப் போட்ட கை கோணலாகக் கூடியிருந்தது, துணி வழியாகவே தெரிந்தது. விரல்கள் அசையவில்லை. அந்தக் கையால்தான் அவள் மாவு வெட்டுகிறவள்.

மினோவா குனிந்து முதல் வார்த்தையைத் தொடங்கினான். அவன் நிமிர்வதற்குள் நல்ல கையால் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். காயத்தோடு இருந்தவன் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்டா, யாரும் இல்லாம நீயா ஊர்ந்து போனியா?"

"அது நான் எழுதல அம்மா" என்றான் ஜப்பானிய மொழியில். அவளுக்கு அந்த மொழி தெரியும். கொரியா ஜப்பானின் கீழ் இருந்த காலத்தில், அவள் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

"உன் பேரு போட்டிருந்துச்சுல்ல?" என்று அதே மொழியில் கேட்டாள். "போட்டிருந்துச்சா இல்லையா? அதுக்கு முன்னாடி, அந்த மாணவன் தலையில குண்டு பாஞ்சதை ஏதோ கை குலுக்கின மாதிரி எழுதினதும் உன் பேர்லதானாமே? உள்ள இருந்த பசங்க சொன்னாங்க. அந்தப் பையன் செத்துட்டான், தெரியுமா?"

மினோவாவுக்குத் தெரியும். பே யங்-சுக் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பியோ மல்-சூன் அவளைக் கையமர்த்தினாள்.

"எனக்குப் பசிக்குது. கடைக் கதவு உடைஞ்சு கிடக்கு. தூக்கி நிறுத்த ஆளு வேணும். வா."

அவள் முன்னால் நடந்தாள். மினோவா பின்னால் போனான். அந்த ஜூன் மாதத்தில் அவனை மாணவர்கள் அடித்தார்கள், போலீஸ் அடித்தது, சொந்தப் பத்திரிகை அடித்தது. காரணம் சொல்லி அடித்தது அவள் ஒருத்திதான் என்று பின்னாளில் என்னிடம் சொன்னான்.